கைச்சூடு

1936 டிசம்பர் 16, புதன். வில்லியனூர்.

காலை ஐந்து பத்துக்குப் புறப்படும்போது முற்றத்தில் பதினெட்டு டிகிரி. சேதராப்பட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது ஐந்து ஐம்பத்தைந்து. இந்த நாற்பத்தைந்து நிமிஷத்தில் பத்து விரல்களும் விறைத்துவிட்டன. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துப்போயின. பிரேக்கை விரலால் இழுக்க முடியாமல் மணிக்கட்டால் இழுத்து நிறுத்தினேன்.

அம்மை குத்தும் குத்தூசியை எடுத்தால் கையில் நிற்கவில்லை. முதல் குழந்தையின் கையைத் தொட்டதும் அது வீறிட்டது. ஊசி பட்டு அல்ல, என் விரல் பட்டு. நெல் அவித்துக்கொண்டிருந்த ஒரு பெண், அடுப்பண்டை வந்து உட்காரச் சொன்னாள். அரை மணி நேரம் உட்கார்ந்தேன். விரலில் மறுபடி ரத்தம் ஓடுவதற்குள் வெயில் வந்துவிட்டது. தாய்மார்கள் அறுப்புக்குப் போய்விட்டார்கள். நாற்பது குழந்தைகளுக்கு என்று போனேன். அம்மை குத்தியது பன்னிரண்டு பேருக்கு. வண்டியின் பின்தட்டில் கட்டியிருந்த பெட்டியில் நான்கு கண்ணாடிக் குழாய்கள் குலுங்கி உடைந்திருந்தன. மீதி அம்மைப்பாலை வெயிலில் வைத்திருக்கக்கூடாது, கொட்டிவிட்டேன்.

இதுதான் என் நிலைமை. அம்மைப்பாலுக்குச் சூடு ஆகாது. வெயில் ஏறுமுன் கொண்டுபோய், வெயில் ஏறுமுன் குத்தி முடிக்க வேண்டும். குதிரை வண்டியில் போனால் வழியிலேயே விடிந்துவிடுகிறது என்றுதான், ஓய்வு பெற்று இரண்டு வருஷம் வீட்டில் இருந்தவனை மறுபடி அழைத்து, அறுபத்தோராவது வயதில் இந்த மோட்டார் சைக்கிளைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். பாலுக்குக் குளிர் வேண்டும். குத்துகிற கைக்குச் சூடு வேண்டும். இரண்டும் ஒரே வண்டியில் போக வேண்டும்.

எங்கள் பிரெஞ்சு எல்லைக்கு அப்பால், இங்கிலீஷ்காரன் பக்கத்தில், இரண்டு ஊர்களில் பெரியம்மை கண்டிருக்கிறது. பொங்கலுக்கு உறவுக்காரர்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருவார்கள். அதற்குள் எல்லையோரத்தில் உள்ள காட்டேரிக்குப்பத்தில் குத்தி முடிக்க வேண்டும் என்று உத்தரவு. எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த வேலைக்குச் சம்மதித்திருக்கவே கூடாது.

டிசம்பர் 17, வியாழன்.

ஆள்காட்டி விரல் நகம் இன்னும் நீலமாக இருக்கிறது. நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய்த்துக்கொண்டு தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தேன். கை விறைத்தது மட்டுமில்லை, வழுக்கவும் வழுக்கியது. தையலம்மாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "குதிரை பூட்டின வண்டியிலயே பயந்துகினு போவீங்க, இப்ப குதிரையே இல்லாத வண்டி" என்றாள். முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் செய்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

டிசம்பர் 19, சனி. சேதராப்பட்டு.

சர்க்கார் கெஜெட் தாள்களை நான்காக மடித்து ஒவ்வொரு விரலுக்கும் சுற்றி, மேலே துணி கட்டினேன். பட்டாளத்தில் இருந்த சொல்தா நாகராஜன் சொன்ன யோசனை. சண்டைக்குப் போய்ப் பிரான்சில் இரண்டு குளிர்காலம் இருந்தவன். தாள் காற்றை விடாதாம். உண்மைதான், முதல் இரண்டு மைல் விடவில்லை. பிறகு மார்கழிப் பனியில் தாள் ஊறி, ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு போகிறவன் போல் ஆகிவிட்டேன். கட்டை அவிழ்த்தால் கையெல்லாம் அச்சு மை. அந்தக் கையோடு குழந்தையைத் தொடலாமா? கிணற்றுத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினேன். கழுவியதில் மிச்சமிருந்த சூடும் போயிற்று.

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். வரவில்லை.

பதினாறு பேர். பெட்டியைப் பெட்ரோல் டாங்கியின்மேல், தொடைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டியதில் குழாய் ஒன்றும் உடையவில்லை. இன்று சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

டிசம்பர் 22, செவ்வாய்.

பட்டணம் போய்த் தலைமை வைத்தியரைப் பார்த்தேன். கை விறைக்கிறது, ஒரு மணி நேரம் தாமதமாகப் புறப்பட அனுமதி வேண்டும் என்று கேட்பதாகத்தான் போனேன். வழியெல்லாம் வாக்கியத்தை அமைத்துக்கொண்டே போனேன். அவர் எத்தனை டிகிரி என்று கேட்டார். பதினெட்டு என்றேன். சிரித்தார். பிரான்சில் தம்முடைய ஊரில் பதினெட்டு டிகிரி என்றால் சட்டையைக் கழற்றிவிட்டுத் தோட்டத்தில் வேலை செய்வார்களாம். அதற்குப் பிறகு அனுமதியைப் பற்றி எப்படிக் கேட்பது? வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வயதானவன் விரலுக்கும் டிகிரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தோன்றுகிறது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

டிசம்பர் 24, வியாழன். காட்டேரிக்குப்பம்.

நாகராஜன் தன்னுடைய பழைய தோல் கையுறையை இரவல் கொடுத்தான். உள்ளே ஆட்டு மயிர், முழங்கை வரை நீளம். போட்டுக்கொண்டு போனேன். பதின்மூன்று மைல், விரல் ஒன்றுகூட வெளுக்கவில்லை. வழியில் எனக்கு எத்தனை சந்தோஷம். ஊரில் போய் இறங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது.

பலராமன் வீட்டு வாசலில் குழந்தைகளைக் கூட்டி வைத்திருந்தார்கள். பலராமன் அந்த ஊரில் பெரிய மிராசு. அவர் சொல்லாமல் ஊர்த்தெருவில் ஒரு குழந்தையும் கையை நீட்டாது. நான் கையுறையைக் கழற்றுவதை அவருடைய தாயார் காசம்மாள் பார்த்தாள். என்ன தோல் என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் பொய் சொல்லத் தெரியாதவன். மாட்டுத் தோல் என்றேன்.

அவ்வளவுதான். சுற்று வட்டாரத்தில் ஆத்தா நடமாடுகிற சமயத்தில், மாட்டுத் தோலுக்குள் இருந்து வந்த கை பிள்ளையைத் தொடக் கூடாது என்றாள். கழுவிவிட்டுத் தொடுகிறேன் என்றேன். எந்தத் தண்ணீரில் கழுவினாலும் இன்றைக்கு ஆகாது என்றாள். ஐந்து நிமிஷத்தில் வாசல் காலி. பலராமன் மரியாதையாகத்தான் பேசினார். ஊரில் இத்தனை பேர் அம்மை குத்தாமலே பிழைத்துக் கிடப்பதாகவும், நான் சிரமப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

திரும்ப வண்டியண்டை வந்தபோது சேரியிலிருந்து அறுப்புக்கு வந்த ஒரு பெண், அரிவாளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கொடி என்று பெயர், செல்லப்பன் பெண்சாதி. இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறதாம். "எங்களுக்குத் தோலு இன்னா புதுசா? எங்க தெருவுக்கு வாங்கய்யா, நான் புள்ளைங்களக் கூட்டியாந்து உக்கார வைக்கிறேன்" என்றாள். அதற்குள் வெயில் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை விடியுமுன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கையுறையை நாகராஜனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சேரிக்குப் போட்டுக்கொண்டு போனால் ஊர்த்தெருவுக்குத் தெரியாமல் இருக்காது. அப்புறம் அங்கே என்றைக்குமே குத்த முடியாது.

டிசம்பர் 25, வெள்ளி.

மாதா கோயில் மணி விடாமல் அடிக்கிறது. கைப்பிடிக்கு முன்னால் காற்றுத் தடுப்பாக வாழைப்பட்டையைக் கட்டிப் பார்த்தேன். ரயிலடிக்குப் போகுமுன் இரண்டும் பறந்துவிட்டன.

டிசம்பர் 27, ஞாயிறு.

தையலம்மாள் வழி சொன்னாள். எனக்கு மூட்டுவலி வந்தால் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பாளே, அதே உப்பு. பழைய கம்பளியை வெட்டி இரண்டு பை தைத்தாள். ஒவ்வொரு பைக்கும் இரண்டு அறை. வெளி அறையில் வறுத்த உப்பு, உள் அறைக்குள் கை. கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிட்டால் கையை உள்ளே விட்டுக்கொண்டு ஓட்டலாம். கம்பளிக்குத் தீட்டு இல்லை, காசம்மாளும் வாய் திறக்க முடியாது.

பத்துக்கண்ணு பாலம் வரை போய்த் திரும்பினேன். கை வியர்த்தது. வியர்த்தது! இதை நான்தான் யோசித்திருக்க வேண்டும். படித்தவன்.

டிசம்பர் 29, செவ்வாய். காட்டேரிக்குப்பம்.

இதைப் போன்ற ஒரு காலை எனக்குப் பத்து வருஷமாக வாய்த்ததில்லை.

நான்கரைக்குப் புறப்பட்டேன். பதினேழரை டிகிரி. பனி கண்ணை மறைத்தது. கை மட்டும் அடுப்பங்கரையில் இருப்பதுபோல் இருந்தது. ஐந்தரைக்குச் சேரியில். தனக்கொடி சொன்னபடியே செய்திருந்தாள். ஒரு வைக்கோல்போர் ஓரமாகத் தாய்மார்கள் வரிசையாக, பிள்ளைகளைப் பழந்துணியில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வரமாட்டேன் என்றவர்களை வீடு வீடாகப் போய் இழுத்து வந்தாளாம். முதலில் தன் குழந்தையைத்தான் மடியில் வைத்துக் கையை நீட்டினாள். ருக்குமணி என்று பெயர். என் விரல் பட்டதும் குழந்தை அழவில்லை. அண்ணாந்து என்னைப் பார்த்தது.

முப்பத்துநான்கு குழந்தைகள். ஒரு மணி பத்து நிமிஷம். ஊசி ஒருமுறைகூட நழுவவில்லை, ஒரு கையிலும் ரத்தம் அதிகம் வரவில்லை. இளவயதில்கூட நான் இப்படிக் குத்தியதில்லை. கிளம்பும்போது தனக்கொடி மற்றப் பெண்களிடம், "பாத்தீங்களாடி, ஐயா கை பூ மாதிரி" என்றாள். கிழவனுக்கு இதெல்லாம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பால் குளிர்ந்திருக்கப் பெட்டியைச் சுற்றியிருந்த ஈரச்சாக்கு வலது பக்கம் மட்டும் காய்ந்திருந்தது. காற்றுப் பட்டிருக்கும்.

1937 ஜனவரி 1, வெள்ளி.

மேரி என்கிற நகராட்சிக் கச்சேரிக்குப் போய், அதன் தலைவர் மேருக்குப் புது வருஷ வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது நடப்பதும் தாது வருஷம், தாது என்றாலே கெட்டதுதான் நடக்கும் என்று அங்கே இரண்டு கிழவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அறுபது வருஷத்துக்கு முந்தைய தாது வருஷத்துப் பஞ்சம் இன்னும் எல்லார் வாயிலும் இருக்கிறது. நான் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. என் மனத்தில் காட்டேரிக்குப்பம்தான் இருந்தது. சந்தோஷமாகவே இருந்தது.

ஜனவரி 6, புதன்.

எட்டாம் நாள் பார்வை. எட்டாம் நாளில் குத்தின இடத்தில் முத்துப்போல் கொப்புளம் எழும்பியிருக்க வேண்டும். அப்படியானால் பிடித்தது என்று அர்த்தம்.

முதல் கையில் ஒன்றுமில்லை. இரண்டாவது கையில் ஒன்றுமில்லை. பத்தாவது கையிலும் ஒன்றுமில்லை. முப்பத்துநான்கையும் பார்த்தேன். சின்னப் பொருக்கு, அவ்வளவுதான். முள் கீறினால் வருமே, அதுபோல. ஒன்றுகூடப் பிடிக்கவில்லை.

முப்பத்தோரு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. நூற்றுக்கு ஐந்து தப்பும், பத்து தப்பும். முழுவதுமாகவா?

தனக்கொடி குழந்தையின் கையைத் தூக்கிக் காட்டி, ஒன்றும் எழும்பலையே என்று கேட்டாள். எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலருக்கு மெதுவாக எழும்பும் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இப்போதும் தெரியவில்லை. வாய் சொல்லிவிட்டது.

அத்தோடு நிற்கவில்லை. அவளுடைய தாய் வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், சாவடியிலிருந்து மூன்று மைல். பொங்கலுக்குக் குழந்தையோடு போகிறாளாம். "அந்த ஊர்ல ரெண்டு வூட்ல ஆத்தா வந்திருக்குதாம். புள்ளைக்குத்தான் நீங்க குத்திட்டீங்களே, போலாமில்ல?" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். வாயால் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். வாயால் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதி எனக்கு என்ன ஆகப்போகிறது?

ஜனவரி 7, வியாழன்.

காரணம் தெரிய வேண்டும். அன்றைக்குப் போலவே எல்லாவற்றையும் அமைத்தேன். உப்பு அதே அளவு, அதே அடுப்பு, அதே நேரம். பைகளைக் கைப்பிடியில் கட்டினேன். தகரப்பெட்டி டாங்கியின்மேல், சுற்றி ஈரச்சாக்கு, உள்ளே பாலுக்குப் பதில் தண்ணீர் நிரப்பிய குழாய்கள். கூடவே தெர்மாமீட்டர்.

வண்டியை அசைக்காமலே தெரிந்துவிட்டது. வலது பை உப்புக் கனத்தில் தாழ்ந்து, சரியாகப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. குழாய்களை நான் அடுக்குவது அந்தப் பக்கத்தில்தான். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தேன். ஐம்பத்தாறு டிகிரி.

பாலை வேகவைத்துக் கொண்டுபோய்க் குத்தியிருக்கிறேன். என் கை சூடாக இருப்பதற்காக.

தையலம்மாள் எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் பைகள் இரண்டையும் அவிழ்த்து உப்பைக் கொட்டினாள். "நான் தைச்சுக் குடுத்த பைதானே" என்று மட்டும் சொன்னாள். நீ பை தைத்தாய், பெட்டியை வைத்தவன் நான் என்றேன். அவள் சமாதானம் ஆகவில்லை. நானும் ஆகவில்லை.

சாக்கு ஒரு பக்கம் காய்ந்திருந்ததை அன்றைக்கே கண்ணால் பார்த்தேனே. பார்த்தேன், எழுதியும் வைத்தேன். கை பூ மாதிரி என்றாளே, அதைக் கேட்ட மயக்கம்.

ஜனவரி 8, வெள்ளி.

பட்டணம் போனேன். புதுப் பால் கேட்க வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். ஒன்றுமே பிடிக்கவில்லை என்றேன். நான் மேலே சொல்வதற்குள் தலைமை வைத்தியரே, சென்னையிலிருந்து ரயிலில் வரும்போதே பால் கெட்டிருக்கும், அப்படியே எழுதிவிடுங்கள் என்றார். இது வழக்கமாக நடப்பதுதானாம். திங்கட்கிழமை புதுப் பால் வரும், பொங்கல் முடிந்ததும் நிதானமாகப் போய்க் குத்தலாம் என்றார்.

எவ்வளவு சுலபம். பேனாவைக்கூட எடுத்துக் கொடுத்தார். நாளைக்கு எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை.

ஜனவரி 9, சனி.

அறிக்கை எழுதவில்லை. மூன்று தாள் வீணாயிற்று.

காட்டேரிக்குப்பம் இன்றைக்கே போய், போகாதே என்று தனக்கொடியிடம் சொல்லலாம். வெறுங்கையோடு போய் என்ன சொல்வது? புதுப் பாலோடு போனால் சொன்ன கையோடு குத்தியும் விடலாம். போகிக்குத்தான் போவாள். செவ்வாய்க்கிழமை போனால் போதும். ஒரு நாள் முன்னதாகவே இருக்கும்.

இது கணக்கா, பயமா? கணக்குப் போலத்தான் இருக்கிறது.

ஜனவரி 11, திங்கள்.

பால் வந்தது. பதினெட்டுக் குழாய்கள். பின்தட்டில் வைக்கோல் மெத்தை போட்டு, பெட்டியை அதில் கட்டியிருக்கிறேன். கைக்கு ஒன்றுமில்லை. விறைக்கட்டும்.

ஜனவரி 12, செவ்வாய்.

ஒழுங்காக எழுத வேண்டும்.

நான்கு மணிக்குப் புறப்பட்டேன். மைலுக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி இறங்கி, கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு நூறு எண்ணினேன். பிறகு ஏறினேன். இதனால் அரை மணி நேரம் கூடுதல். விரல் வெளுக்கவில்லை. இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை? நேரம் போகிறது, நேரம் போகிறது என்று ஓடியதால்.

சேரியில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். அன்றைக்குக் குத்தியது பிடிக்கவில்லை, பால் செத்துவிட்டது, என் வண்டியில் நான் வைத்த சூட்டில் செத்தது, மெதுவாக எழும்பும் என்று சொன்னது பொய், மறுபடி குத்த வேண்டும். சொல்லி முடித்ததும் ஆளாளுக்குப் பேசினார்கள். ஒரு கிழவர், ஊர்த்தெருவாக இருந்தால் சூட்டுப் பாலை எடுத்துப் போயிருப்பேனா என்று கேட்டார். பதில் சொன்னேன், நம்பினாரா தெரியாது. எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை வருஷமும் எந்த ஊரிலும் ஊர்த்தெருவை முடித்துவிட்டுத்தான் சேரிக்குப் போயிருக்கிறேன். போகும்போது வெயில் வந்திருக்கும். இங்கே பெரிய பிள்ளைகள் கையில் எத்தனை தழும்பு இருக்கிறது என்று நான் என்றைக்காவது எண்ணிப் பார்த்தேனா?

பத்தொன்பது பேர் மறுபடி குத்திக்கொண்டார்கள். மற்றவர்கள் வரவில்லை. அந்தப் பக்கமாக வந்த பலராமன், "நல்ல வேளை, எங்க தெருப் பக்கம் வராம போனீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தனக்கொடி இல்லை. நேற்றுக் காலையே போய்விட்டாளாம், அண்ணன் மாரிமுத்து வண்டி கட்டிக்கொண்டு வந்தானாம்.

கணக்கு. என்னுடைய கணக்கு.

அவள் போன ஊருக்கே கிளம்பினேன், எல்லைச் சாவடியில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். சர்க்கார் வண்டி, அந்தப் பக்கம் போக அனுமதிச் சீட்டு இல்லை. என் வாழ்நாளில் சீட்டு இல்லாமல் நான் எல்லையைத் தாண்டியதில்லை. சேவகன் பெட்டியைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். சாராயம் இல்லை என்று பார்த்துவிட்டு, ஆள் நடந்து போகத் தடையில்லை, வண்டி இங்கேயே இருக்கட்டும் என்றான். அப்போதுகூட நான் நின்றேன். திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதையும் எழுதுகிறேன்.

வாய்க்காலில் சாக்கை நனைத்து, இரண்டு குழாய்களை மட்டும் எடுத்துச் சுற்றி, மேலே வாழையிலை கட்டிக்கொண்டு நடந்தேன். மூன்று மைல். மூன்று இடத்தில் சாக்கை மறுபடி நனைத்தேன். ஊருக்குள் நுழைந்ததும் நான்காவது வீட்டு வாசலில் வேப்பிலை. அதற்கு மூன்று வீடு தள்ளி மாரிமுத்து வீடு.

தனக்கொடி முற்றத்தில் நெல்லைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை அந்த வேப்பிலை வீட்டுப் பக்கம் இல்லை, இங்கேதான் என்று பார்த்துக்கொண்டேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வேலையை நிறுத்தவில்லை. நெல்லைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தாள். கடைசியில்,

"அன்னைக்கு என் மூஞ்சியப் பாத்துத்தானே தலையாட்டினீங்க?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"தெருவுல எல்லாரையும் நாந்தானே கூட்டியாந்தேன். அவங்களுக்கு நான் இன்னா சொல்லட்டும்?"

குழாய்களைச் சுற்றியிருந்த சாக்கை அவிழ்த்தேன். அவளே எழுந்து போய்க் கைகழுவிவிட்டு வந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கையை நீட்டிப் பிடித்தாள். என்னை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்று மைல் நடந்ததில் என் விரல்கள் சூடாகத்தான் இருந்தன. மூன்று குத்து. மாரிமுத்துவின் பிள்ளைகள் நான்கு பேர் கதவோரம் நின்றார்கள். அவர்கள் வேறு சர்க்காரின் பிரஜைகள். எனக்கு அதிகாரம் இல்லை. குழாயில் பால் இருந்தது. நான்கு பேருக்கும் குத்திவிட்டு வந்தேன்.

ஜனவரி 13, புதன். போகி.

அறிக்கை எழுதினேன். பால் நல்ல பால்தான், என் தவறால் கெட்டது, அதை மறைத்தேன், எல்லைக்கு அப்பால் ஐந்து குழந்தைகளுக்குக் குத்தினேன். நடந்தபடி, தேதியோடு. இரண்டு பக்கம். தையலம்மாளைக் கேட்காமல் தபாலில் போட்டேன்.

ஜனவரி 16, சனி.

அறிக்கை அனுப்பியதைத் தையலம்மாளிடம் சொன்னேன். அன்றைக்கே முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டதாம்.

ஜனவரி 19, செவ்வாய்.

நாளை எட்டாம் நாள். காலையில் உத்தரவு வந்தது. இனி நான் எந்த ஊருக்கும் போக வேண்டாம், பட்டணத்திலிருந்து வேறு ஆள் போய்ப் பார்ப்பார். சனிக்கிழமை வண்டி, பெட்டி, குத்தூசி, பதிவுப் புத்தகம் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும்.

வேலை போனது பெரிதில்லை. பிடித்ததா இல்லையா என்று யார் எனக்குச் சொல்வார்கள்? எல்லைக்கு அந்தப் பக்கம் யார் போய்ப் பார்ப்பார்கள்?

ஜனவரி 23, சனி.

ஒப்படைத்தேன். காட்டேரிக்குப்பத்தில் பத்தொன்பதில் பதினெட்டு பிடித்ததாம். புத்தகத்தை வாங்கிக்கொண்ட குமாஸ்தா சொன்னார். தனக்கொடியின் குழந்தைக்குப் பிடித்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் இன்னும் ஊருக்குத் திரும்பவில்லை என்று மட்டும் தெரிந்தது.

பொங்கல் முடிந்து பத்து நாள். ஏன் திரும்பவில்லை?

ஜனவரி 24.

தூக்கமில்லை.

ஜனவரி 30, சனி.

காட்டேரிக்குப்பம் போகிறேன் என்று மூன்று தடவை செருப்பை மாட்டினேன். உத்தரவை மீறிப் போவது ஒரு தயக்கம். போய்க் கேட்டு வருகிற பதில் இன்னொரு தயக்கம். உட்கார்ந்துவிட்டேன்.

பிப்ரவரி 9, செவ்வாய்.

சந்தை நாள். பதினொரு மணிக்குத் தையலம்மாள் உள்ளே வந்து, வாசலில் ஒரு பெண் நிற்கிறாள், உள்ளே வரச் சொன்னால் வரமாட்டேன் என்கிறாள் என்று சொன்னாள். எழுந்து போனேன்.

தனக்கொடி. தலையில் சந்தைக் கூடை, இடுப்பில் குழந்தை. குழந்தை மொச்சைக்காயைத் தின்றுகொண்டிருந்தது. நான் குழந்தையைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். அவளே சொன்னாள். அந்த ஊரில் பிறகு இன்னும் ஐந்து வீட்டில் கண்டதாம், மூன்று பிள்ளைகள் போய்விட்டனவாம். தெருவை விட்டு யாரும் போகக்கூடாது என்று கட்டுப்பாடு செய்துவிட்டதால் திரும்ப முடியவில்லையாம். அண்ணன் வீட்டில் நான் குத்திய பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள்.

தையலம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தாள். பிறகு குழந்தையின் சட்டையை ஒதுக்கி, இடது கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இந்தத் தபா சரியாப் பாத்துச் சொல்லுங்க. எழுதிக்கினாத்தான் போவேன்" என்றாள்.

கண்ணாடியை எடுத்து வந்து மாட்டிக்கொண்டு, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். தொட்டும் பார்த்தேன். பிடித்திருக்கிறது என்றேன். எழுதப் பதிவுப் புத்தகம் என்னிடம் இல்லை, ஒப்படைத்துவிட்டேன் என்று சொன்னேன். உங்களிடம் இருக்கிற புத்தகத்தில் எழுதுங்கள் என்றாள். இந்த நாட்குறிப்பை எடுத்து வந்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எழுதி முடிக்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காட்டேரிக்குப்பம். செல்லப்பன், தனக்கொடி மகள் ருக்குமணி, வயது இரண்டு. குத்திய நாள் ஜனவரி 12. இடது கை, மூன்று குத்து. மூன்றும் பிடித்தன. பொருக்கு உதிர்ந்து தழும்பு விழுந்திருக்கிறது. நானே பார்த்தேன்.